எழுத்தில்லா வரலாற்றைப் படித்தல்: லெங்கோங் பள்ளத்தாக்கு

வரலாறு என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் இலக்கியத்தையும் நாடுவது தமிழராகிய நமது வழக்கம். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கை நம்மவர் விரும்பிச் சென்று காண்பதும் அதனாலேயே. கடாரம் என்னும் பெயர் சோழர் கல்வெட்டுகளில் உண்டு. எனவே அவ்விடம் நமக்கு முன்பே அறிமுகமானது. பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கிலோ அத்தகைய துணை ஏதுமில்லை. எழுத்துத் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாந்தர் வாழ்ந்த நிலம் அது. அங்கே மன்னர் பெயர் இல்லை. அவர்கள் பேசிய மொழியும் தெரியாது. அவ்வாறாயின், அங்குச் செல்வோர் எதனைக் கொண்டு வரலாற்றைப் படிப்பது?

கோல கங்சாருக்கும் கிரிக்குக்கும் இடையே, பேராக் ஆற்றை ஒட்டி இப்பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. இதன் தொல்லியல் தளங்கள் நான்கினை யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டில் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. திறந்தவெளித் தளங்களும் குகைகளும் இவற்றுள் அடங்கும்.

அவற்றுள் ஒன்றான கோத்தா தம்பானில் முதல் அகழாய்வு 1938இல் நடைபெற்றது. 1987இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரைனா மஜிட் மேற்கொண்ட ஆய்வு, அவ்விடம் ஒரு கற்கருவிப் பட்டறை என்பதை வெளிப்படுத்தியது. பட்டடைக் கற்கள், சுத்தியல் கற்கள், உடைக்கப்பட்ட கூழாங்கற்கள், சிதறிய செதில்கள், முற்றுப்பெறாத கருவிகள் ஆகியன கைவிடப்பட்ட நிலையிலேயே கிடந்தன. அவற்றுள் ஒரு செதிலைத் தனியே எடுத்துக் காட்டினால், ஆற்றங்கரைக் கல்லினின்று அதனைப் பிரித்தறிவது பலருக்கு அரிது. பட்டடைக் கல்லைச் சூழ அச்செதில்கள் கிடந்த முறையே, அங்கு ஒருவர் அமர்ந்து தொழில் செய்தமையை உணர்த்துகிறது.

காலத்தைச் சொல்வதும் கிடந்த இடமே. அக்கருவிகளோடு எரிமலைச் சாம்பலும் காணப்பட்டது. தொடக்கத்தில் அப்பட்டறை ஏறத்தாழ 31,000 ஆண்டுகள் பழமையானதெனக் கணிக்கப்பட்டது. சுமத்திராவின் தோபா எரிமலைப் பெருவெடிப்போடு அச்சாம்பலை இணைத்த பிறகு, அதன் காலம் ஏறத்தாழ 74,000 ஆண்டுகள் எனத் திருத்தப்பட்டது. கருவிகள் மாறவில்லை, அவற்றோடு கிடந்த சாம்பலைப் பற்றிய அறிவே வளர்ந்தது.

பேராக் மனிதன் எனப் பெயர்பெற்ற எலும்புக்கூடு, புக்கிட் கெப்பாலா காஜா குன்றிலுள்ள குனோங் ருந்து குகையில் 1991இல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட ஓர் ஆடவரின் உடல் அது. அவர் பிறவியிலேயே விரலெலும்புக் குறைபாடு உடையவர், இடக்கையும் சிறுத்திருந்தது. ஆயினும் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்திருக்கிறார். கால்களை மடக்கிக் கிடத்தி, கற்கருவிகளும் விலங்கிறைச்சியும் உடன்வைத்து, ஆயிரக்கணக்கான நத்தை ஓடுகளைப் பரப்பி அவரை அடக்கம் செய்திருந்தனர். வேட்டைத் தொழிலுக்கு முழு வலிமையற்ற ஒருவரைச் சுற்றத்தார் பேணினர், மதித்தனர் என்று ஆய்வாளர் கருதுவதற்கு இவ்வடக்க முறையே சான்று. எலும்புகளை மட்டும் அள்ளியிருந்தால் அவருடைய குறைபாடு தெரிந்திருக்கும். அவர் பெற்ற மதிப்புத் தெரிந்திராது.

கல்வெட்டுக்கும் இச்சான்றுகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. கல்வெட்டை வேறிடத்திற்குப் பெயர்த்தாலும் அதன் எழுத்துப் பேசும். செதிலையோ ஓட்டையோ குறிப்பெடுக்காமல் பெயர்த்துவிட்டால் அது ஊமையாகிவிடும். மலாயாவின் குகைகள் பலவற்றில் வௌவால் எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுத்தபோது மண்ணடுக்குகள் கலைந்தன. அங்கிருந்த பொருள்கள் சில இன்றும் எஞ்சியிருக்கலாம்; அவை சொல்லவேண்டிய செய்தி மீளாது.

ஆகவே லெங்கோங் செல்வோர் கோபுரத்தையோ கோட்டையையோ எதிர்பார்த்தல் வேண்டா. முதலில் கோத்தா தம்பானிலுள்ள தொல்லியல் காட்சிக்கூடத்தைக் கண்டு, பின்னர் நிலத்தைக் காண்பது நலம். ஆறு எங்கே ஓடுகிறது, குகைவாயில் எத்திசை நோக்குகிறது, மண் எங்கே நிறம் மாறுகிறது என நோக்கி நடக்கவேண்டும். நினைவுக்கென ஒரு கூழாங்கல்லையும் எடுத்தல் ஆகாது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதன் காரணத்தையும் அவர்களுக்கு விளக்கவேண்டும்.

அங்கு வாழ்ந்தோரை இன்றைய இனம் எதுவும் தனக்கே உரியவர் எனக் கொண்டாடுதல் இயலாது. அதனாலேயே அவ்வரலாறு இந்நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவாகிறது. அதனைக் காக்கும் கடமையில் தமிழராகிய நமக்கும் பங்குண்டு.