தோட்டத் தமிழரும் ஈறுநோய் ஆராய்ச்சியும்

பல் போனால் சொல் போகும் என்பர். பல்லைத் தாங்கும் ஈறு கெட்டாலோ கேடு வாயோடு நிற்பதில்லை. இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் அதனோடு தொடர்புண்டு என்கின்றனர் மருத்துவ நூலார். இவ்வுண்மையை உலகம் அறிந்த வரலாற்றில் தோட்டத் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு. அதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

வாய்க் கிருமிகளை 1683-இல் கண்டு எழுதியவர் ஒல்லாந்து நாட்டு லேவன்ஹூக். 1900-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், உடலின் பல பிணிகளுக்கு வாயின் அழுக்கே வேர் என்றார். அக்கொள்கையை நம்பி, மேல்நாட்டார் நல்ல பற்களையும் பிடுங்கினர். பிடுங்கியும் பிணி தீராமையால் 1930-களின் இறுதியில் அது மதிப்பிழந்தது.

பின்னர் வந்தவர் நார்வே நாட்டு ஹரால்ட் லோ. பல் துலக்காது விட்டால் மூன்று வாரத்துள் ஈறு வீங்கும். மீண்டும் துலக்கினால் ஆறும் என்று 1965-இல் அவர் குழுவினர் காட்டினர். அப்படியானால் ஆண்டுக்கணக்கில் விட்டால் என்னாகும்? இதற்கு விடை காண, பல்துலக்கியும் பல்மருத்துவமும் எட்டாத மக்கள் அவருக்குத் தேவைப்பட்டனர். 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண் தொழிலாளரைத் தேர்ந்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்.

முடிவு 1986-இல் வெளிவந்தது. எல்லோர் பல்லிலும் அழுக்கும் காரையும் மிகுந்திருந்தன. ஆயினும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் விரைந்து முற்றி, நாற்பத்தைந்து வயதுக்குள் பற்களெல்லாம் உதிர்ந்தன. 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றது. அழுக்கு ஒன்றே போதாது. உடலின் எதிர்ப்புத் தன்மையும் நோயின் போக்கை வகுக்கும் என்பது இதனால் விளங்கிற்று.

அதே லோ 1993-இல் ஈறுநோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு எனக் குறித்தார். இரத்தத்தில் சர்க்கரை மிகின் ஈறு விரைந்து கெடும். ஈற்றின் அழற்சி சர்க்கரையை அடங்கவிடாது. ஈறுநோய்க்குச் சிகிச்சை செய்தால் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதும் தெரிய வந்துள்ளது. இருதயத்தைப் பொறுத்தவரை, ஈற்றுப் புண்வழியே இரத்தத்தில் கலக்கும் பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகளின் சுவடு இரத்தக் குழாய் அடைப்புகளிலும் காணப்பட்டுள்ளது. எனினும், தொடர்பு உண்டு, அதுவே காரணம் என்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2012-இல் அறிவித்தது. ஹண்டர் காலத்து அவசரத்திலிருந்து கற்ற நிதானம் இது எனலாம்.

அந்த 480 பேரும் நூல்களில் எண்ணாகவே நிற்கின்றனர். வசதியின்மையே அவர்களை ஆராய்ச்சிக்கு உகந்தவராக்கியது என்பதை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது. தேயிலை மலைக்குச் சென்றவரும், பத்துமலையைச் சுற்றிப் பால்மரம் வெட்டியவரும் ஒரே தமிழகத்துச் சிற்றூர்களினின்று கப்பலேறியவர்களே. இன்று மலேசியாவில் நீரிழிவு மிகுந்த இனமாக இந்தியரையே தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன.

அவர்கள் வாயினின்று உலகம் கற்ற பாடம் அவர்களின் உறவினருக்கு வந்து சேர வேண்டாமா? துலக்கும்போது வடியும் இரத்தம் இயல்பன்று, நோயின் முதற்குறி. இதனை மாணவருக்கு உரைப்பதும், நீரிழிவுள்ள பெற்றோரைப் பல்மருத்துவரிடம் செல்லத் தூண்டுவதும் தமிழாசிரியரால் எளிதில் ஆகக்கூடிய பணிகள்.