அப்பாவின் பேனாவும் 4810-உம்

2003-ல் அப்பா தாலுகா ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆனார். நான் தில்லியில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கடைவீதியில் ஒருத்தர் "மான்ட்பிளாங்க் 149, அசல் மால்" என்று நீட்டினார். பேரம் பேசி 1,200 ரூபாய்க்கு வாங்கி ஊருக்கு அனுப்பினேன். நிஜ விலை அதைப்போலப் பல மடங்கு என்று அப்போதே தெரியும். ஆசை கண்ணை மறைத்தது :-)

போன வருஷம் அப்பா போனபின் பேனா என்னிடம் புனேவுக்கு வந்தது. கழுவலாம் என்று உடலைத் திருகினேன். கழன்று வந்தது. உள்ளே பிளாஸ்டிக் கன்வெர்ட்டர்! 149-ல் அது இருக்கவே முடியாது. 1952-ல் வந்த நாள் முதல் அது பிஸ்டன் பேனா. பின்முனையைத் திருகினால் உள்ளிருக்கும் பிஸ்டன் நகர்ந்து இங்கை உறிஞ்சும்.

இதன் கதை ஹாம்பர்க் நகரில் 1908 வாக்கில் தொடங்குகிறது. மூடி உச்சியில் இருக்கும் வெள்ளை நட்சத்திரம் 1913-ல் வந்தது, பனி மூடிய மோன் பிளாங் சிகரத்தின் அடையாளமாக. மைஸ்டர்ஸ்டுக் என்ற பெயர் 1924-ல். நிப்பில் 4810 என்ற எண் 1930 வாக்கில். அது அந்த மலையின் உயரம், மீட்டரில். (உச்சியில் இருப்பது பனி என்பதால் அளக்கும்போதெல்லாம் உயரம் கொஞ்சம் மாறுகிறது. நிப்பு மட்டும் மாறவில்லை!)

நட்சத்திரத்தையும் 4810-ஐயும் யாரும் பொறித்துவிடலாம். காசு பிடிப்பது பிஸ்டனும் தங்க நிப்பும்தான். அதனால் போலி அங்கேதான் மாட்டும். அசல் நிப்பு காலத்தைப் பொறுத்து 14 அல்லது 18 காரட். காந்தத்தில் ஒட்டினால் தங்கம் இல்லை. ஆனால் ஒட்டாவிட்டாலும் நம்பாதீர்கள், சிலவகை எவர்சில்வரும் ஒட்டாது.

கிளிப் வளையத்தில் சீரியல் எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அந்த எண் வந்ததே 1990களின் தொடக்கத்தில்தான். போலி செய்பவர்களும் இப்போது அதைப் பொறிக்கிறார்கள். டார்ச் அடித்தால் கறுப்பு ரெசின் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும் என்பார்கள். நிஜம்தான், ஆனால் 1950களின் 149 செல்லுலாய்டு. ஆகவே உங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பேனா இருந்து, எண் இல்லை, சிவப்பு இல்லை என்றால் அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் பின்முனையைத் திருகிப் பாருங்கள்.

அப்பா பென்ஷன் கணக்கு, கடிதம், கல்யாணப் பத்திரிகை விலாசம் எல்லாம் இந்தப் பேனாவில்தான் எழுதினார். "நிப்பு கொஞ்சம் கீறுதுடா" என்று ஒரே ஒரு தடவை போனில் சொன்னார். "எழுத எழுதச் சரியாயிடும்ப்பா" என்றேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நிப்பு ஒரு பக்கமாக நன்றாகத் தேய்ந்திருக்கிறது.