சுமை ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கா?

சாயர்புரத்துக்கு அருகே, திருநெல்வேலி - தூத்துக்குடி தேசிய நெடுஞ்சாலையில் சற்று நேரம் நின்று பார்த்தால், தென் தமிழகத்தின் பொருளாதாரம் கண்முன்னே நகர்வதைக் காணலாம். நிலக்கரி, மரத்தடி, உரம், உப்பு, சரக்குப் பெட்டகங்கள் என அனைத்தும் லாரிகளில்தான் செல்கின்றன. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் வளர்ச்சி பற்றிப் பேசும் நாம், அந்தச் சரக்கைக் கொண்டு சேர்க்கும் ஓட்டுநரின் சட்டப் பொறுப்புகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சரக்கு வணிகருடையது, வாகனம் உரிமையாளருடையது, ஆனால், சாலையில் நிறுத்தி விசாரிக்கப்படுபவர் ஓட்டுநர் மட்டுமே.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஓட்டுநர் மீது சுமத்தியுள்ள கடமைகள் பல. அவற்றோடு, அவருக்கு அச்சட்டம் அளித்துள்ள பாதுகாப்புகளும் உண்டு. முன்னதை அபராதம் கற்றுத் தந்துவிடுகிறது. பின்னதை எவரும் சொல்லித் தருவதில்லை.

ஓட்டுநரின் முதல் மூலதனம் அவரது உரிமம். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், போக்குவரத்து வாகன உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. ஆனால், காலாவதியான பிறகும் முப்பது நாள்கள் உரிமம் செல்லும் என்றிருந்த பழைய சலுகையை அதே திருத்தம் எடுத்துவிட்டது. இதை அறியாமல், 'இன்னும் ஒரு மாதம் இருக்கிறது' என்று எண்ணி வண்டியை எடுப்பவர் உரிமம் இல்லாதவராகவே கருதப்படுவார். அதற்கு அபராதம் ரூ.5,000. காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வைச் சந்திக்க வேண்டியதுதான். உரிமம் முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

அமிலம், குளோரின், அம்மோனியா போன்ற அபாயகரமான பொருள்களை ஏற்றும் வாகனங்களுக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. உரத் தொழிற்சாலையும் இரசாயனத் தொழிற்சாலையும் உள்ள தூத்துக்குடி மாவட்டத்துக்கு இது மிகவும் பொருந்தும். இத்தகைய வாகனத்தை ஓட்டுபவர் தனிப் பயிற்சி பெற்று, உரிமத்தில் அதற்கான மேற்குறிப்பைப் பெற்றிருக்க வேண்டும். அதன் காலம் மூன்று ஆண்டுகளே. ஏற்றியுள்ள பொருள் எது, கசிந்தால் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை எழுத்தில் தர வேண்டியது அனுப்புநர், உரிமையாளர் ஆகியோரின் கடமை. அந்த அவசரகால அட்டையைக் கையில் வாங்காமல் டேங்கர் லாரியை நகர்த்தக் கூடாது.

உரிமத்துக்கு அடுத்து வாகனத்தின் ஆவணங்கள்: பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, பெர்மிட், 'எஃப்.சி.' எனப்படும் தகுதிச் சான்று, புகைச் சான்று, வரி செலுத்திய சான்று. எட்டு ஆண்டுகள் வரையிலான வாகனத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 2018 முதல் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள மின்னணுப் பிரதிகளும் செல்லும். இவை உரிமையாளரின் பொறுப்பு என்றாலும், தேதிகளைப் பார்த்துக்கொள்வது ஓட்டுநருக்கு நல்லது. பெர்மிட் இல்லாத வண்டியை ஓட்டியதற்கும் ஓட்ட அனுமதித்ததற்கும் ஒரே பிரிவின் கீழ்தான் தண்டனை.

மூன்றாவது, சரக்கின் ஆவணம். ரூ.50,000-க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் தேவை. தமிழகத்துக்குள் மட்டும் செல்லும் சரக்குக்கு இந்த வரம்பு ரூ.1 லட்சம். ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் என்பது அதன் ஆயுள். வண்டி பழுதாகி நின்றால், காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டிப்புப் பெறலாம். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், புதிய வண்டியின் எண்ணைப் பதிவேற்ற வேண்டும். துறைமுகத்திலிருந்து சுங்கச் சோதனைக்காகச் சரக்குப் பெட்டக நிலையத்துக்குச் செல்லும் சரக்குக்கு இ-வே பில்லிலிருந்து விலக்கு உண்டு.

இனி, தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றினால் ரூ.20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. எடை போட மறுத்தால் ரூ.40,000. அபராதம் கட்டிவிட்டு அதே சுமையோடு பயணத்தைத் தொடரவும் முடியாது; கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும். இதனை உச்ச நீதிமன்றம் 2005-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. மேலும், உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் அளித்த அறிவுறுத்தலின்படி, அதிக பாரம் ஏற்றியவரின் உரிமம் குறைந்தது மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்தப்படலாம்.

இங்குள்ள கணக்கைப் பாருங்கள். கூடுதல் டன்னுக்கான வாடகை உரிமையாளருக்குப் போகிறது. போக்குவரத்துச் செலவில் மிச்சம் வணிகருக்குப் போகிறது. நடைக்கு இவ்வளவு என்று பேட்டா வாங்கும் ஓட்டுநருக்கு அதில் பங்கு ஏதுமில்லை. உரிமம் முடங்கினால் மூன்று மாத வருமானத்தை இழப்பவரோ அவர் ஒருவர்தான். ஆதாயம் ஓரிடத்திலும் இழப்பு வேறோரிடத்திலும் விழும்போது அபராதத் தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் குற்றம் குறையாது என்பது பொருளாதாரத்தின் பாலபாடம்.

சட்டமும் இதை அறியாததல்ல. அதே சட்டத்தின் 113-ஆவது பிரிவு, ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, அதிக பாரக் குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவரது உத்தரவின் பேரிலோ நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. ஏற்றிய இடத்து எடைமேடைச் சீட்டு, ஏற்றச் சொன்ன குறுஞ்செய்தி ஆகியவற்றை ஓட்டுநர் பத்திரப்படுத்தினால், இந்தப் பிரிவு உயிர்பெறும்.

பேருந்துக்கும் இது பொருந்தும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் ரூ.200 அபராதம் உண்டு. வேலை நேரத்தைப் பொருத்தவரை, 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரைமணி ஓய்வு, வாரத்தில் ஒருநாள் விடுமுறை என வரையறுத்தது. அச்சட்டம் 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் இணைந்துவிட்டாலும், எட்டு மணி நேரம் என்ற அளவுகோல் மாறவில்லை. ஆயினும், தேசிய பெர்மிட் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் கட்டாயம் என்ற விதி 2018-இல் கைவிடப்பட்டது. தூக்கத்தைத் தொலைத்த ஒற்றை ஓட்டுநர் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் செல்வது அவருக்கு மட்டும் ஆபத்தல்ல.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது? காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல், காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தல், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தல் ஆகியவை 134-ஆவது பிரிவு சொல்லும் கடமைகள். கூட்டத்தின் ஆத்திரத்தால் மருத்துவ உதவி செய்ய இயலாத நிலையையும் அப்பிரிவு கருத்தில் கொள்கிறது. அப்படிப்பட்ட சூழலில் நேரே காவல் நிலையம் செல்வதே சரி, தலைமறைவாவது தவறு.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, மரணம் விளைவித்துவிட்டுத் தெரிவிக்காமல் தப்பிச் செல்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. இதனை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் ஓட்டுநர்கள் போராடியதைத் தொடர்ந்து, 2024 ஜூலை 1-இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால், அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்ற 106(1) நடைமுறையில் உள்ளது. முந்தைய சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது.

சோதனையின்போது உரிமம் கைப்பற்றப்பட்டால், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குவது ஓட்டுநரின் உரிமை. அதில் குறிக்கப்பட்ட காலம் வரை அச்சீட்டைக் கொண்டு வண்டி ஓட்டலாம் என்று 206-ஆவது பிரிவு கூறுகிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. துறைமுகத்திலும் உப்பளங்களிலும் கிடங்குகளிலும் சரக்கு ஏற்றியவுடன் எடைச் சீட்டின் ஒரு பிரதி ஓட்டுநரிடம் கட்டாயம் தரப்பட வேண்டும். அதிக பார வழக்குகளில் ஓட்டுநரின் உரிமத்தில் கைவைக்கும் முன், ஏற்றியவரையும் உரிமையாளரையும் விசாரிப்பது வழக்கமாக வேண்டும். ஓட்டுநர்களுக்கான நல வாரியமும் தொழிற்சங்கங்களும் இந்தப் பிரிவுகளை எளிய தமிழில் அச்சிட்டு, உரிமம் புதுப்பிக்க வருவோரிடம் தரலாம். தன் கடமையை அறிந்த ஓட்டுநரால் சாலைக்குப் பாதுகாப்பு. தன் உரிமையையும் அறிந்தவராக அவர் இருந்தால்தான், 'இந்தச் சுமையை ஏற்ற மாட்டேன்' என்று சொல்லும் துணிவு அவருக்கு வரும்.