எழுதாமல் விட்ட சொல்

தேசங்கள் பெரும்பாலும் தம் பிறப்பைப் புராணத்தில் தேடிக்கொள்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் பிறப்போ தேதியிட்ட காகிதங்களில் இருக்கிறது. எனவே அதன் சரித்திரத்தை ஒரு பிரதியைப் போலவே படிக்கலாம்: எதை எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று.

1607-ல் ஆங்கிலேயர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறினார்கள். 1619 ஜூலையில் அங்கே முதல் பிரதிநிதிகள் சபை கூடியது. அடுத்த மாதமே ஒரு கப்பல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை வர்ஜீனியாக் கரைக்குக் கொண்டுவந்தது. உணவுப் பொருளுக்கு மாற்றாக அவர்கள் விலைபோனார்கள். சபையும் சந்தையும் ஒரே கோடையில் ஆரம்பித்தவை.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்றது 1776-ன் பிரகடனம். அதை எழுதிய ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானர். 1787-ல் வரைந்த அரசியல் சட்டம் இன்னும் சாமர்த்தியமானது. 'அடிமை' என்ற சொல்லே அதில் கிடையாது. 'மற்ற நபர்கள்' உண்டு. பிரதிநிதித்துவக் கணக்கில் அவர்களில் ஐந்து பேர் மூன்று பேருக்குச் சமம். அவர்களை இறக்குமதி செய்வதை 1808 வரை தடுக்கக் கூடாது. மனிதனைச் சொத்தென்று சட்டத்தில் ஒப்புக்கொள்வது தவறு என்று மாடிசன் சபையில் சொன்னார். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். காரியத்தை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் விலக்கினார்கள்.

எழுத்தை நம்பிய இன்னொரு மக்கள் செரோக்கிகள். 1821-ல் செக்கோயா அவர்கள் மொழிக்கு வரிவடிவம் அமைத்து முடித்தார். 1827-ல் சொந்த அரசியல் சட்டம், 1828-ல் பத்திரிகை. அவர்கள் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1838-ல் ராணுவம் அவர்களை மேற்கே துரத்தியது. முகாம்களிலும் வழியிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். (அவர்களுடைய சட்டமும் கறுப்பருக்கு வாக்குரிமை தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

அடிமை ஒழிப்பாளர்கள் இருவர் அமெரிக்க அரசியல் சட்டத்தை இரு விதமாகப் படித்தார்கள். காரிசன் 1854 ஜூலை 4 அன்று கூட்டத்தின் நடுவே அதைக் கொளுத்தினார். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1852-லேயே வேறு விதமாக வாதாடினார்: அந்தச் சொல் அதில் இல்லை, ஆகவே அடிமை வைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் இல்லை. எழுதியவர்களின் நோக்கத்தை அறிந்தவர் காரிசன் என்பேன். பிரதியைக் கைப்பற்றியவர் டக்ளஸ்.

6 லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்த உள்நாட்டுப் போருக்குப் பின், 1865-ன் பதின்மூன்றாம் திருத்தத்தில்தான் 'அடிமைமுறை' என்ற சொல் அந்தச் சட்டத்துக்குள் முதன்முறையாக நுழைந்தது, ஒழிக்கப்படுவதற்காக. அங்கும் குற்றத்துக்கான தண்டனை என்று ஒரு விலக்கு வைத்தார்கள். தென்மாநிலங்கள் கறுப்புக் கைதிகளைச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விட்டன. 1870-ல் கறுப்பு ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. பின்னாலேயே எழுத்தறிவுத் தேர்வும் வந்தது. முன்பு எழுத்துக் கற்பித்தாலே குற்றம் என்று எவர்களைத் தடுத்தார்களோ, அவர்களிடமே தேர்வு! 1965-ன் வாக்குரிமைச் சட்டம்தான் அதன் மேல் கைவைத்தது.

எழுத்து தன்னளவில் யாரையும் காப்பதில்லை, செரோக்கிகளைக் காக்கவில்லை. எழுதியவனின் உடைமையாகவே அது இருந்துவிடுவதும் இல்லை. டக்ளஸ் தமக்காக எழுதப்படாத ஒரு சட்டத்தைத்தான் படித்தார்.