பின்னக் கூட்டலும் ஏகாரச் சாரியையும்

பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுவதற்குப் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் காணுதல் இன்றைய பள்ளிக் கணித முறை. பழந்தமிழ்க் கணக்கு முறையில் இப்பொதுப் பகுதி ஒவ்வொரு முறையும் தேடப்படுவதன்று; அது பின்னப் பெயர்களின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. இதன் மொழியியற் கூறுகளை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, வீசம் 1/16, அரைக்கால் 1/8, கால் 1/4 என்பன முதன்மையான கீழ்வாய் எண்கள். இவை அனைத்தும் முந்திரியின் முழு மடங்குகள். எனவே மும்மாவையும் (3/20) மூன்று வீசத்தையும் (3/16) கூட்ட விரும்புவோன் அவற்றை முறையே 12 காணி, 15 காணி எனக் கொள்வான். கிடைக்கும் 27 காணியைப் பெரிய அலகிலிருந்து சிறிய அலகிற்கு இறங்குமுறையில் பிரித்தால் 'காலே ஒருமாவே முக்காணி' ஆகும் (20 + 4 + 3).

இத்தொடரில் வரும் ஏகாரமே கூட்டற்குறியாகச் செயற்படுகிறது. அளவு, நிறை, எண்ணுப் பெயர்களின் முன் அவற்றுள் அடங்கிய சிறிய கூறு வருமிடத்து ஏ என்னும் சாரியை தோன்றும் எனத் தொல்காப்பியத் தொகைமரபு விதிக்கிறது. 'அரை' வருமிடத்து அச்சாரியை பொருந்தாது என்பது அடுத்து வரும் விலக்கு. இன்றும் நாம் 'ஒன்றே கால்' என்றும் 'ஒன்றரை' என்றும் வழங்குவது இவ்விதியோடும் விலக்கோடும் ஒத்திருத்தல் கருதத்தக்கது.

சாரியையின்றி வரும் தொகைகளில் கருத்து வேண்டும். 'அரைக்கால்' என்பது காலில் அரை. ஆகவே பெருக்கற் பொருளது. 'மாகாணி' என்பதோ மாவும் காணியும். 1/20 உம் 1/80 உம் சேர்ந்து 1/16 ஆகும். உம்மைத்தொகையாகிய இதனைக் காணியில் ஒரு மா எனக் கொண்டால் 1/1600 எனப் பிழைபடும். அவ்வாறே 'முக்காலே மூன்று வீசம்' என்பது 15/16. ஏகாரத்தை நோக்காது மூன்று வீசத்தில் முக்கால் எனப் பெயர்ப்பின் 9/64 ஆகிவிடும். நில அளவும் வருவாயும் பின்னங்களால் குறிக்கப்பெற்ற கல்வெட்டுகளையும் ஓலைக் கணக்குகளையும் மொழிபெயர்ப்போர்க்கு இஃது இன்றியமையாத எச்சரிக்கையாகும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. 320 இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே ஆதலின், மூன்றிலொன்றையும் ஏழிலொன்றையும் முந்திரியின் முழு மடங்காகக் கூறவியலாது. பொதுமுறை எல்லாப் பகுதிகட்கும் பொருந்துவது. பழமுறை தனக்கு வேண்டிய பகுதிகளை முன்னரே இணக்கி வைத்தது.

2019 இல் யூனிகோடு 12.0 இக்குறியீடுகளுக்கு இடமளித்தது. குறியீடு கிடைத்துவிட்டது, அதைப் படிக்கும் இலக்கணமும் அகராதிகளில் இடம்பெறல் வேண்டும்.