மழைநீரில் நின்ற கார்: தண்ணீர் வடிந்த பிறகும் எலக்ட்ரானிக்ஸ் பழுதாவது ஏன்? செலவு யார் தலையில்?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தெருவோரம் நின்ற வண்டிகள் மூழ்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2015-ல் அடையாறு பெருக்கெடுத்தபோது கோட்டூர்புரமும், 2021 நவம்பரில் தி.நகரும் அதே நிலையில்தான் இருந்தன.

இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் செலவு என்று சட்டென்று புரிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் அப்படி இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும். மூணு மாசம் கழிச்சு திடீரென ஏர்பேக் லைட் எரியும், பவர் விண்டோ வேலை செய்யாது.

ஏன் இந்தத் தாமதம்?

தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருந்த உப்பும் சேறும் கனெக்டர் முனைகளில் தங்கிவிடும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக பச்சை பூக்கும். மின்தடை கூடி, சென்சார் அனுப்பும் சிக்னல் மாறும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல கார்களில் நடுவே தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது. அதன் ஒயர்கள் சீட்டுக்கு அடியில் போகின்றன. கம்பளம் நனையும் அளவு தண்ணீர் போதும்.

இன்னொரு சிக்கல், இந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய 'கேன்' முறையில் இரண்டே ஒயர்களில் பல கன்ட்ரோல் யூனிட்டுகள் இணைகின்றன. ஒன்று கெட்டால் சம்பந்தமே இல்லாத வேறொன்று எரர் காட்டும். நல்ல பாகத்தை மாற்றிவிட்டு பில் கட்டுவது இப்படித்தான் நடக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. 2019-ல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ்., டிரைவர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாகின. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோது புகையைக் கண்காணிக்கும் சென்சார்களின் வேலையும் கூடியது.

இன்சூரன்ஸ் தருமா?

ஓன் டேமேஜ் பாலிசியில் வெள்ள சேதம் அடங்கும். ஆனால் அதே பாலிசியில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பழுதுக்கும், தொடர் இழப்புக்கும் பணம் கிடையாது என்ற விதி இருக்கிறது. மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்று மாதம் கழித்து வரும் கோளாறு வெள்ளத்தால் வந்ததா, தானாக வந்த எலக்ட்ரிக்கல் பழுதா? நிரூபிக்க வேண்டிய நிலை உரிமையாளருக்கு.

கிளெய்ம் ஏற்கப்பட்டாலும் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு வண்டியின் வயது எதுவாக இருந்தாலும் 50%. மற்ற பாகங்களுக்கு 5 முதல் 10 வயது காரென்றால் 40%. ஒரு கன்ட்ரோல் யூனிட் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 7 வயது காருக்கு 24,000 ரூபாய் கைக்காசு. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பெரும்பாலும் பழைய வண்டிகளுக்குக் கிடைப்பதில்லை. ரிப்பேர் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். பழைய காருக்கு மதிப்பே குறைவு என்பதால், இரண்டு மூன்று பெட்டிகள் போனாலே அந்தக் கோடு நெருங்கிவிடும்.

புதுப்பேட்டையில் வாங்கலாமா?

கதவு, பம்பர், விளக்கு என்றால் சரி. இன்ஜின் கன்ட்ரோல் யூனிட் அப்படி மாட்டிவிட்டு ஓட்டும் பொருள் இல்லை. பெரும்பாலான கார்களில் அது சாவியோடும் இம்மொபிலைசரோடும் ஜோடி சேர்க்கப்பட்டது. மறுபடி கோடிங் செய்யாமல் வண்டி கிளம்பாது. அந்தப் பெட்டியே வெள்ளத்தில் நனைந்த வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால்? வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய ஏர்பேக் யூனிட்டை வாங்கவே வேண்டாம். ஜி.பி. ரோட்டில் ஸ்டீரியோ, கேமரா மாட்டுபவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒயரை வெட்டி ஒட்டாமல் கப்ளரில் செருகித் தருவார்களா? வெட்டிச் சுற்றிய ஒயர்தான் அடுத்த மழையில் முதலில் அரிக்கும்.

தண்ணீர் புகுந்துவிட்டால்?

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே" என்று சாவியைத் திருப்பக் கூடாது; இக்னிஷனைக்கூட ஆன் செய்ய வேண்டாம். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு வேகமாகும், ஷார்ட் ஆகும். தண்ணீர் வடிந்த பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றலாம். மின்சாரக் கார் என்றால் தொடவே கூடாது, டோ செய்ய ஆள் வர வேண்டும்.

தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுங்க. சர்வேயர் அறிக்கையிலும் ஜாப் கார்டிலும் தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறியது என்று எழுதச் சொல்லிக் கேளுங்க. சீட்டைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கி, கனெக்டர்களைச் சுத்தம் செய்யச் சொல்லி, ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்க. மூன்று மாதம் கழித்து லைட் எரிந்தால், கையில் இருக்கப்போகும் ஆதாரம் அந்தக் காகிதங்கள்தான்.