ஏரிகளும் வட்டாரத் தட்பவெப்பமும்: ஓசூர் – கிருஷ்ணகிரி

பெரிய நீர்ப்பரப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றுகிறது. சில இடங்களில் மழையையும் பனிப்பொழிவையும் தோற்றுவிக்கிறது. நீர் மண்ணைவிட மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வதே இதற்கு அடிப்படை. வட அமெரிக்கப் பேரேரிகளைக் கடக்கும் கடுங்குளிர்க் காற்று நீராவியை ஏற்றுக்கொண்டு எதிர்க்கரையில் பனியாகக் கொட்டுகிறது. 2022 நவம்பரில் பஃபலோ நகரை அடுத்த ஆர்ச்சர்ட் பார்க்கில் இவ்வாறு ஏறத்தாழ 2 மீட்டர் பனி பெய்தது.

கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜுவாடியும் ஓசூரும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயர மேட்டுநிலத்தில் உள்ளன. இங்குள்ளவை சிற்றேரிகள், ஒன்றின் கலிங்கல் வழிந்து அடுத்ததை நிரப்பும். இவை மழையை வரவழைப்பதில்லை. கோடைப் பகலில் கரையோரக் காற்றைச் சற்றுத் தணிக்கும். மார்கழி, தை விடியலில் நீரின் மேல் எழும் வெண்ணிற ஆவி வெயில் ஏறும்வரை கரையைவிட்டு அகலாது.

வரலாறு

இவ்வட்டார ஏரிகள் வெட்டப்பட்ட காலத்தில் நோக்கம் பாசனமும் குடிநீருமே; தட்பவெப்பம் அன்று.

நீர்நிலை, காடு, மழை ஆகியவற்றின் தொடர்பு 19ஆம் நூற்றாண்டில் பெருவிவாதமாயிற்று. வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி வற்றிவருவதை 1800இல் கண்ட ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹம்போல்ட், கரைகளில் காடு அழிக்கப்பட்டதைக் காரணமாகக் காட்டினார். பின்னர் அங்கு சென்ற பிரெஞ்சு அறிவியலாளர் பூசிங்கோ, மரங்கள் மீண்டும் வளர்ந்து ஏரியின் நீர்மட்டமும் உயர்ந்திருக்கக் கண்டார். இக்கருத்து சென்னை மாகாணத்தையும் எட்டியது. சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர், மரங்கள் மழையைத் தூண்டி ஈரத்தைக் காப்பது பற்றி 1849இல் கட்டுரை வெளியிட்டார். 1876–78 தாது வருடப் பஞ்சம் விவாதத்தைக் கூர்மையாக்கியது. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்ட், காடு காக்கப்பட்ட மத்திய மாகாணங்களில் மழை கூடியதாகக் கருதினார். ஆனால் 1910இல் அதே துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், இத்தகைய மாற்றங்களுக்குச் சான்று போதாது என்ற நிலைப்பாட்டை எடுத்தார். இன்றளவும் இவ்விவாதம் முழுதாகத் தீர்ந்த வழக்கன்று.

பழைய சேலம் மாவட்டத்தில் ஓசூர் மேடு பாலாகாட் என்றும் தாழ்வான கிருஷ்ணகிரிப் பகுதி பாராமகால் என்றும் வழங்கப்பட்டன. மேட்டின் குளிர்ச்சிக்கு ஏரிகளைவிட உயரமே முதற்காரணம் எனலாம்.

பெரிய நீர்த்தேக்கங்களும் வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு ஈடாகா: மேட்டூர் நீர்த்தேக்கம் (1934) நிரம்பினால் சுமார் 150 சதுர கி.மீ. பரவும், அப்பேரேரிகளில் ஒன்றான சுப்பீரியர் ஏரியின் பரப்போ 82,000 சதுர கி.மீ. இவ்வட்டாரத்தில் 1950களில் தென்பெண்ணை ஆற்றில் கிருஷ்ணகிரி அணையும், 1990களில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையும் வந்தன. பேரணைகள் வட்டார மழையைப் பாதிப்பது குறித்து 2011இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்று, அத்தாக்கம் அரை வறண்ட பகுதிகளிலும் மத்தியதரைத் தட்பவெப்பப் பகுதிகளிலும் தெளிவாக இருப்பதாகக் கூறுகிறது.

அண்மைக்காலம்

1970களிலிருந்து ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை விரிந்தது. ஜூஜுவாடி 2011இல் ஓசூர் நகராட்சியுடன் இணைந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. பெங்களூருக் கழிவுநீர் கலப்பதால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது அடிக்கடி செய்தியாகிறது.